நூற்றெண்பது படிகளும் என் குடலும்

அவைக்கு அணியாய் நடுநாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவி அம்மா அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும், என் வயிற்றின் வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்த டாக்டரம்மா அவர்களே! அழைப்பை மதித்து வந்திருக்கும் சைட் மேனேஜர் ஐயா அவர்களே! கம்பி வளைக்கும் கரங்களே, கலவை குழைக்கும் தோள்களே, பலகை அடிக்கும் தச்சர்களே! தலையில் கல்லும் மடியில் கவலையுமாய் மாடி மாடியாய் ஏறி இறங்கும் என் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் என் மதிப்பிற்குரிய மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் அவர்களே! "சட்டுபுட்டுனு முடிச்சிட்டு வாங்க" என்று உத்தரவு போட்டு என்னை மேடைக்கு அனுப்பிய என் மனைவியே! அனைவருக்கும் என் வணக்கம்.

நண்பர்களே! போன ஆண்டு இதே மேடையில் உரிமையைப் பற்றி உரைத்தேன், கை தட்டினீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒற்றுமையைப் பற்றி ஓங்கி ஒலித்தேன், விசில் அடித்தீர்கள். இந்த ஆண்டு என்ன தலைப்பு என்று செயலாளர் கேட்டார். "குடல்" என்றேன். பேனாவை மூடிவிட்டார். "அண்ணே, குடும்பத்தோட வர்றாங்க, குழந்தைங்க வர்றாங்க" என்றார். ஏனய்யா, குடும்பத்துக்குக் குடல் இல்லையா? குழந்தைகளுக்குக் குடல் இல்லையா? இதயம் என்றால் கவிதை பாடுகிறோம். கண்கள் என்றால் கதை கதையாய் எழுதுகிறோம். உண்டதையெல்லாம் உயிராக்கி, ஒரு நாளும் ஓய்வு கேட்காமல் உள்ளே உழைக்கும் குடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு மட்டும் ஒன்பது தடவை இருமிக்கொள்கிறோமே, இது என்ன நியாயம்? அதோ, கடைசி வரிசையில் ஓர் அண்ணன் இப்போதே சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணே, நன்றாகச் சிரியுங்கள். இப்போது சிரிக்கிறவர்கள்தான் கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேச முதல் ஆளாய் நிற்பார்கள்.

நான் யார் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கிரேன் ஓட்டுகிறவன். தரையிலிருந்து என் கேபினுக்கு நூற்றெண்பது கம்பிப்படிகள். ஏற இருபது நிமிடம், இறங்கப் பன்னிரண்டு நிமிடம். மேலே ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல், ஒரு வாக்கி டாக்கி, நாலு பக்கமும் கண்ணாடி. வேறு எதுவும் இல்லை. எது இல்லை என்று உங்களுக்கே புரியும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: காலை எட்டு மணிக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான் கிரேன்காரன். இடையில் இறங்கினால் கான்கிரீட் காத்திருக்கும், கம்பி காத்திருக்கும், கீழே ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். இறங்காமல் இருப்பதுதான் எங்களுக்குக் கௌரவம், அதுதான் எங்களுக்கு வீரம். அந்த வீரத்தில் பதினோரு ஆண்டுகள் ராஜாவாக இருந்தேன்.

முப்பத்து நாலாவது வயதில் வந்தது வினை. ஒரு வயிற்றுப்போக்குக் காய்ச்சல் வந்து பத்து நாளில் போனது. காய்ச்சல் போனது, வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவில்லை. அடிவயிற்றில் ஒரு முறுக்கு. முறுக்கினால் அடுத்த நிமிடமே ஓட வேண்டும். ஓடி வந்தால் அடங்கும். அடங்கியது என்று சட்டையை மாட்டினால் மறுபடி முறுக்கும். சில வாரம் அப்படி, சில வாரம் நேர்மாறாக மூன்று நாள் எதுவுமே வராது; வயிறு மட்டும் வீங்கிப் பேண்ட் பித்தான் போட முடியாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நாலு தடவை. என் மனைவி கதவைத் தட்டி, "உள்ள என்ன குடித்தனமா நடத்துறீங்க?" என்பாள். அவள் சிரித்துக்கொண்டு கேட்பாள். உள்ளே நான் அழாத குறை.

அப்போது ஒரு மாபெரும் மேதாவித்தனம் செய்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் வராது அல்லவா? காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். தண்ணீரை நிறுத்தினேன். மதியம் இறங்கியதும் பயந்து பயந்து இரண்டு வாய். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பஞ்சத்தில் அடிபட்டவனைப் போல மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில். தாய்மார்களே, நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அடித்துக்கொள்ளுங்கள். என் மனைவி நாலு ஆண்டு அடித்துக்கொண்டாள்.

அறிவுரைகளுக்கா பஞ்சம்? ஒருவர் பாலை விடு என்றார், விட்டேன். ஒருவர் ரொட்டியை விடு என்றார், விட்டேன். பருப்பை விடு, வெங்காயத்தை விடு, பழத்தை விடு என்று ஆளுக்கொன்று சொல்ல, எல்லாவற்றையும் விட்டேன். கடைசியில் என் தட்டில் மிஞ்சியது அவித்த உருளைக்கிழங்கு இரண்டு. நானும் அந்தக் கிழங்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். இடுப்பு பெல்ட்டில் ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டேன். பிறகு இன்னொரு ஓட்டை. மனதுக்குள் ஒரு பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. புற்று, புற்று என்று. யாரிடமும் சொல்லவில்லை. மகளின் பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். பயந்தேன் நண்பர்களே. ஐம்பது மீட்டர் உயரத்தில் பயமில்லாதவன், என் வயிற்றுக்குப் பயந்தேன்.

சரி, பட்டினி கிடந்தும் மேலே முறுக்கினால் என்ன செய்வேன்? இங்கேதான் வருகிறது என் பாவம். வாக்கி டாக்கியை எடுப்பேன். "மோட்டார் சூடாகுது. ஒரு மணி நேரம் நிறுத்தறேன்" என்பேன். பெருமையாக இறங்குவேன். மோட்டார் என்றால் எவன் கேள்வி கேட்பான்? வயிறு என்று சொன்னால் சிரிப்பான். மோட்டார் என்று சொன்னால் மதிப்பான். மனிதனுக்கு வலி வந்தால் மானக்கேடு, மோட்டாருக்கு வலி வந்தால் மரியாதை!

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் நூற்றெண்பது படி ஏறினார். கையில் பெட்டி, இடுப்பில் கயிறு, முழங்காலில் வலி. அவர்தான் ஸ்பேனர் அண்ணன். ஏறுவார், மோட்டாரைத் திறப்பார், தொட்டுப் பார்ப்பார், காது வைத்துக் கேட்பார். ஒன்றும் இருக்காது. இறங்கி வந்து, "நல்லாத்தானே இருக்கு, ஏன் சூடாகுதுன்னு தெரியலையே" என்று என்னிடமே கேட்பார். நான் கூச்சமில்லாமல், "பழைய மோட்டார்ணே" என்பேன். நல்லா இருந்த பாகத்தை மூன்று தடவை மாற்றினார் அந்த மனிதர். என்ன அண்ணே, தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? குனிய வேண்டியவன் நான்.

இந்த நிலையில் என் மனைவி ஒரு நாள் என் பெல்ட்டைத் துடைக்க எடுத்தாள். ஓட்டைகளை எண்ணினாள். சட்டையை எடுத்து நீட்டி, "கிளம்புங்க" என்றாள். அப்படித்தான் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் ஒரு விசாரணையே நடத்தினார். மலத்தில் ரத்தம் போகிறதா? தூக்கத்தில் வலி எழுப்புகிறதா? காய்ச்சல் உண்டா? ரத்தசோகை உண்டா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எடை என்றார். எந்திரத்தில் ஏறினேன், பதினோரு கிலோ காணவில்லை. "சாப்பிடாமத்தான் குறைஞ்சிருக்கும். ஆனா பார்க்காம விட மாட்டேன்" என்று ரத்தம் பார்த்தார், மலம் பார்த்தார், குடலுக்குள் கேமராவும் விட்டுப் பார்க்கச் சொன்னார். இதை நன்றாகக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: நான் சொன்ன இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக இந்தத் தொல்லை தொடங்கினாலும், கைவைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

முடிவுகள் வந்தன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மகிழ்ந்தேனா? இல்லை, கோபம் வந்தது! நாலு ஆண்டு நரகம் அனுபவித்தவனிடம் ஒன்றுமில்லை என்றால்?

"ஒண்ணுமில்லைன்னா, நான் நடிக்கிறேனாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு நான் எப்ப சொன்னேன்? புண் இல்ல, கட்டி இல்லன்னு சொன்னேன். வலி நிஜம். அதுக்குப் பேரும் இருக்கு, ஐபிஎஸ், எரிச்சல் குடல் நோய்னு சொல்வாங்க. உங்க வாக்கி டாக்கில சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சா என்ன ஆகும்?"

"கீழ ஒருத்தன் தும்மினாக்கூட இடி மாதிரி கேட்கும்."

"அதேதான். குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு லைன் ஓடுது. உங்களுக்கு அதுல சத்தம் கூடிப்போச்சு. மத்தவங்களுக்குச் சாப்பாடு நகர்றதே தெரியாது, உங்களுக்கு அது வலியா வந்து சேருது. மூளை பதறினா குடலும் பதறும், குடல் பதறினா மூளையும் பதறும்."

"புற்றா மாறுமா?"

"மாறாது."

"முழுசாப் போயிடுமா?"

"சிலருக்குப் போகும், சிலருக்கு வந்து வந்து போகும். ஆனா அடக்கி ஆளலாம். முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க."

மாறாது என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் மனைவி என் கையைப் பிடித்தாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை, தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

நோட்டு வாங்கினேன். என்ன சாப்பிட்டேன், எப்போது சாப்பிட்டேன், வயிறு என்ன செய்தது, மனதில் என்ன ஓடியது என்று இரண்டு வாரம் எழுதினேன். அதைப் புரட்டிய டாக்டரம்மா கேட்டார்: "ஞாயித்துக்கிழமை வயிறாரச் சாப்பிட்டிருக்கீங்க, ஒரு தடவைதான் போயிருக்கீங்க. திங்கக்கிழமை வெறும் வயிறு, அஞ்சு தடவை. இப்பச் சொல்லுங்க, சாப்பாடா உங்களை ஓட விடுது?" நண்பர்களே! நாலு ஆண்டு பிடிவாதத்தை நாற்பது பக்க நோட்டு ஒன்று நாலே வரியில் கவிழ்த்துவிட்டது. என்னை ஓட விட்டது அந்த ஏணி. இறங்க முடியாதே, இறங்க முடியாதே என்ற அந்தப் பதற்றம்.

பிறகு என்ன செய்தேன்? காலையில் உட்கார்ந்து, மென்று, கொஞ்சமாகச் சாப்பிட்டேன். நேரம் தவறவில்லை. தண்ணீர் குடிப்பதைத் திரும்பத் தொடங்கினேன். ஆறு டீ இரண்டானது. அதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை. விட்ட உணவையெல்லாம் உணவு ஆலோசகர் ஒருவர் சொன்னபடி ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டேன். பால் வந்தது, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி வந்தது, அதற்கும் சரி என்றது. வெங்காயம் நிறைய வந்தால்தான் வம்பு. பாருங்கள், ஒரு வெங்காயம் செய்த குற்றத்துக்கு ஒரு சமையலறையையே தண்டித்திருக்கிறேன்! முறுக்குக்கு ஒரு மாத்திரை, மாலையில் அரை மணி நடை, மூச்சை வயிற்றுக்குள் இழுத்து மெல்ல விடும் பயிற்சி. என்ன அம்மா, என்ன மாத்திரை என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். என் குடல் என்னுடையது, உங்கள் குடல் உங்களுடையது. டாக்டரம்மா உங்களைப் பார்த்து எழுதட்டும்.

மூன்று மாதத்தில் பாதி குணமானேன். ஆனால் வேலையில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முறுக்கு குறைந்தது, பொய் குறையவில்லை. எப்போதாவது வந்தால், அப்போதும் மோட்டார்தான் சூடானது.

ஒரு நாள் காலைக் கூட்டம். நாங்கள் எல்லோரும் ஹெல்மெட்டோடு நிற்கிறோம். மேனேஜர் ஐயா ஒரு தாளைப் படித்தார். "இந்த வருஷம் மோட்டார் முப்பத்தோரு தடவை நின்னிருக்கு. காரணம் கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக் நமக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமையோட ஸ்பேனர் கிளம்பிக்கலாம்" என்றார்.

இருபத்தாறு ஆண்டு அனுபவசாலி. கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவர். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "எனக்குப் புரியல சார்" என்றார், அவ்வளவுதான்.

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? கை தட்டத் தயாராகிறீர்களா? தட்டாதீர்கள். நான் பேசவில்லை. சொன்னால் கிரேன் போய்விடும் என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய் ஏணியில் ஏறினேன். மேலே உட்கார்ந்ததும் முறுக்கியது பாருங்கள், அப்படி ஒரு முறுக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. மூச்சை இழுத்தேன், அடங்கவில்லை. மாத்திரை போட்டேன், அடங்கவில்லை. என் குற்றத்துக்கு டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை! வாக்கி டாக்கியை எடுத்தேன். நாலு ஆண்டாக நாக்கில் ஊறிய சொல் தானாக வந்தது, "மோட்டார்..." என்று. அங்கேயே நிறுத்தினேன். அந்த அலைவரிசையில் மேனேஜர், மேஸ்திரிகள், கொடி காட்டுபவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தே சொன்னேன்: "மோட்டார் நல்லா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் குடல்ல வியாதி. முப்பத்தோரு தடவையும் நான் கக்கூஸ் போகத்தான் இறங்கினேன். ஸ்பேனர் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. இப்பவும் அதுக்குத்தான் இறங்குறேன்."

இறங்கினேன். நூற்றெண்பது படி. கீழே வேலை நின்றிருந்தது, ஐம்பது முகங்கள் என்னைப் பார்த்தன. ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போனேன். அதில் கௌரவம் பார்க்க நேரமில்லை. வெளியே வந்தால் வாசலில் ஸ்பேனர் அண்ணன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மோட்டாரைச் சாக்கு வச்சு நானே உன்னை இறக்கி விட்டிருப்பேனேடா. என் முட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றார். இப்போது சிரிக்கிறீர்கள். அன்று நான் அவர் தோளில் சாய்ந்து விம்மினேன்.

அவர் வேலை பிழைத்தது. என்னை ஆறு வாரம் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். தரையில் நின்று, இன்னொருவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அண்ணாந்து பார்த்தேன். பொய் சொன்னதற்கு அது தகுந்த தண்டனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஏழாவது வாரம் டாக்டரம்மாவின் கடிதத்தோடு போனேன். மேனேஜர் ஐயா நெடுநேரம் படித்தார். "மாத்தி ஓட்ட ஒரு ஆளைத் தயாரா வச்சுக்கறேன். கூப்பிட்டா ஏறுவான். காரணம் சொல்ல வேண்டாம்" என்றார். ஐயா, அன்று உங்களுக்குச் சரியாக நன்றி சொல்லவில்லை. இன்று சபை அறியச் சொல்கிறேன், நன்றி.

இப்போது ஓர் அதிசயம் கேளுங்கள்! இறங்கலாம் என்று ஆன முதல் மாதம் ஒன்பது தடவை இறங்கினேன். இரண்டாம் மாதம் நாலு. ஆறாம் மாதம் ஒரே ஒரு தடவை. குடல் மாறியதா? கிரேன் மாறியதா? எதுவும் மாறவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று என் குடலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அதுவும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன். எனக்குக் கிடைத்த கதவு என் ஒருவனுக்கு மட்டுமா? ஒன்பதாம் மாடியில் கல் இறக்கும் என் தங்கை, கழிப்பறைக்குப் போக ஒன்பது மாடி இறங்க வேண்டும் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாளே, அவளுக்கு அந்தக் கதவு வேண்டாமா? வலியை மறைத்து, வயிற்றை இறுக்கி, வாய் மூடி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வேண்டாமா? வலிக்கிறது என்று சொல்வது வெட்கமா? சொல்ல விடாமல் செய்வதல்லவா வெட்கம்! தலைவி அம்மா இப்போது ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு மாற்று ஆள். மூன்று மாடிக்கு ஒரு கழிப்பறை. ஏன் போனாய், எதற்குப் போனாய் என்ற கேள்விக்கு இடமே இல்லை. வீடு கட்டிக் கொடுக்கும் நமக்கு, அந்த வீட்டில் தவறாமல் கட்டும் கழிப்பறை ஒன்று கிடையாதா? கேட்போம் நண்பர்களே! கூசாமல் கேட்போம், கூடிக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!

முடிக்கும் முன் ஓர் உண்மை. கடந்த பத்து நிமிடமாக என் அடிவயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய ஆளாக இருந்தால் மைக் சரியில்லை என்று மைக்செட்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பாதியில் நழுவியிருப்பேன். மைக் அருமையாக இருக்கிறது. அதைத் தந்தவருக்கு நன்றி. என்னைப் பிழைக்க வைத்த டாக்டரம்மாவுக்கும், மன்னித்த அண்ணனுக்கும், ஓட்டைகளை எண்ணிய என் மனைவிக்கும், முகம் சுளிக்காமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தீர்மானத்துக்கு ஆதரவாக இதோ என் கையை இப்போதே தூக்கிவிட்டேன், தலைவி அம்மா எண்ணிக்கொள்ளட்டும். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும், போய் வருகிறேன். ஓடப்போவதில்லை, உங்கள் நடுவிலேயே நிமிர்ந்து நடந்து போகிறேன். கொஞ்சம் வழி விடுங்கள். வணக்கம்!